ஐம்பத்து மூன்று கிலோ

யோகமலரை
என் முதுகுக்குத்தான் நன்றாகத் தெரியும்.
பூண்டுலோயாவுக்கு மேலே, மேக்கணக்கில்,
பழைய அரிசிக் காம்பராவுக்குள்
நாலு மெத்தையைச் சாக்கு ஊசியால் ஒன்றாய்த் தைத்து
ஆறு வருஷம்
அதன்மேல் என்னைப் போட்டுப் போட்டே பழகினாள்.

முதல் போட்டி நுவரெலியாவில்.
நாற்பது விநாடியில் முடிந்தது.
பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.
தலவாக்கலையில் மாறி ஏறும்போது கேட்டாள்:
"அவ என் கால எப்ப எடுத்தா?
நான் பாக்கலயே."

காலையில் பெரட்டு, பிறகு மலை,
அந்தியில் மெத்தை.
நிறுவைக் கொக்கியில் கொழுந்தைத் தொங்கவிட்டால்
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று
கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ கழிப்பார்.
பதினெட்டு நின்றால் பேர்.
பதினேழே முக்கால் என்றால் அரைப்பேர்.
"இந்தத் தராசக் கொழும்புக்குத் தூக்கிட்டுப் போனா
வயிறு நெறையத் தின்னுட்டே ஏறி நிப்பேன்" என்பாள்.

போட்டிக்கு முந்தின கிழமை பாதி ரொட்டி,
சாயத்தண்ணி, அதுவும் சீனியில்லாமல்.
படங்குக்கு மேல் உரப்பையைச் சுற்றிக்கொண்டு
ஸ்டோர் ஏற்றத்தில் ஓடுவாள்.
அட்டை கடித்தால் நின்று பிடுங்கமாட்டாள்,
"குடிக்கட்டும், எட கொறையும்."
பின்னால் நானும் ஓடுவேன்.
எனக்கும் ஐம்பத்து மூன்றுதான்.
ஒரே எடைக்கு ஒருத்திதான் போகலாம்.
மாகாணத்துக்கு அவள். தேசியத்துக்கு அவள்.
தண்ணிப் போத்தலும் துவாயும் நான்.

கொழும்பில் தொடர்ந்து மூன்று தங்கம்.
எதிரே வந்ததெல்லாம் பட்டாளத்துப் பிள்ளைகள்,
மாதச் சம்பளம், தினம் முட்டை,
கணுக்கால் மூடிய சப்பாத்து.
இவளுக்கு என் அண்ணனின் புட்போல் சப்பாத்து,
அடிக்கட்டையெல்லாம் சீவிவிட்டு,
முன்னால் பழந்துணி திணித்து.

முதல் வருஷம் ஒலிபெருக்கியில் யோகமாலா.
மறு வருஷம் யோகமணி.
மூன்றாம் வருஷம் சரியாகத்தான் கூப்பிட்டார்கள்,
இவள் யாரையோ என்று உட்கார்ந்திருந்தாள்.
நான்தான் பிடித்துத் தள்ளினேன்.

அதற்குப் பிறகு காத்மாண்டு.
கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள்.
பெருமாளின் பெயர் இருந்தது.
தாயின் பெயர் இருந்தது.
பிள்ளையின் பெயர் என்ற இடத்தில்
யாரோ அவசரத்தில் இழுத்த ஒரு கோடு.
மூன்று சான்றிதழை மேசையில் வைத்தாள்.
மூன்றிலும் மூன்று பெயர்.
எழுதுவினைஞர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்,
திருத்த ஐந்து மாதம் என்றார்.
விமானம் மூன்று கிழமையில்.

என் கடதாசியில் பிழையே இல்லை.
என்னுடையதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

போனேன்.
குளிர் நம் குளிர்தான்.
மெத்தை மட்டும் பளபளவென்று மஞ்சள்.
ஒரு நிமிஷம் பத்து விநாடி.
மல்லாந்து கிடந்து மேலே விளக்கை எண்ணினேன்:
பதினொன்று.

திரும்பி வந்து ரெண்டு நாள்
அவள் லயத்துப் பக்கம் போகவில்லை.
மூன்றாம் நாள் பீலிக்கு அவளே வந்தாள்.
பிளேனைப் பற்றிக் கேட்கவில்லை.
வாளியை இறக்கி வைத்தாள்.
"எந்தக் கையால புடிச்சா?"
"இடது."
"எங்க?"
காட்டினேன்.
"அந்தமாரியே என்னப் புடி."

பிடித்தேன்.
குடத்தோடு நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.
சவர்க்கார நுரை ஓடும் ஈரச் சிமெந்தில்
வானம் ஒருதரம் புரண்டது.
விழுந்துவிட்டேன்.
தலை அடிக்கவில்லை,
சிமெந்துக்கும் எனக்கும் நடுவே
அவள் உள்ளங்கை.
கொழுந்துக் கறை ஏறிய நகங்கள்
என் காதோரம் உரசின.

"கையப் பாத்துக்கிட்டு நின்டுருக்க.
அவ கால எடுத்தது அப்பத்தான்" என்றாள்.
"எந்திரி. இன்னொருக்கா."